துரையின் ட்ரவுட்டும் லயத்துக் குளமும்

சென்ற நூற்றாண்டுகளில் ஊவா மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் எழுதி வைத்ததற்குக் குறைவே இல்லை. எந்த மலையில் யார் எந்த மிருகத்தைச் சுட்டார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று சொல்லப்படுகிறது. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. அந்த மின்னலை யானைகளின் சாபம் என்று பேசுவோர் இன்றும் உண்டு. அதை விட்டுவிடுவோம். வேட்டைக்கு இத்தனை ஏடு எழுதிய இந்த மலைகளில், ஒரு தூண்டிற்காரனைப் பற்றி எழுதப்பட்ட பக்கம் எத்தனை என்று தேடப் போனபோதுதான் இந்தப் பேச்சுக்கான விஷயம் எனக்குக் கிடைத்தது.

மீன்பிடி பற்றிய பதிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உண்டு. ஆனால் அது ஒரேயொரு மீனைப் பற்றியது. 1880களில் சீமையிலிருந்து பழுப்பு ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வளர்க்க முயன்றார்கள். முட்டைகள் கெட்டுப் போகாமலிருக்க அவற்றைக் குளிரிலேயே வைத்திருந்து, வெப்பக் கடலைத் தாண்டி, மலைக்கு ஏற்றிக் குஞ்சு பொரிக்க வைப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமல்ல. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் நுவரெலியாவில் தோன்றியது. பழுப்பு ட்ரவுட் நமது ஓடைகளில் பெருகவில்லை. பின்னர் கொண்டுவரப்பட்ட வானவில் ட்ரவுட் ஓட்டன் சமவெளியின் குளிர் நீரில் தானாகவே இனம் பெருக்கிக்கொண்டது. ஒஹிய வழியாக மேலே ஏறினால் ஊவாவின் எல்லையிலேயே இருக்கிறது அந்தச் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றருக்கும் மேல்.

ட்ரவுட் பிடிப்பதற்கு உரிமச் சீட்டு வேண்டும். இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் ஈயைத்தான் வீச வேண்டும். மண்புழு மாட்டுவது கௌரவக் குறைவு. தேயிலைத் தோட்டங்களுக்குள்ளேயே ஓடும் ஆறுகளும் அணைகளும் கழகத்தின் நீர்நிலைகளாக இருந்தன. துரைமார் ஞாயிற்றுக்கிழமையில் கோலை எடுத்துக்கொண்டு போவார்கள். கூடையைத் தூக்க ஒரு பையன் பின்னால் போவான். அந்தப் பையனுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா, தெரியாதா என்று யாரும் கேட்டதில்லை.

அவனுக்குத் தெரியும், நேயர்களே. அவன் பாட்டன் புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வந்தவன். கண்மாய் வற்றும் கோடையில் ஊரே திரண்டு இறங்கி, ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்தி விராலையும் கெளுத்தியையும் பிடிக்கும் வழக்கம் உள்ள பூமி அது. ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த பிரப்பங் கூடை. மீன் உள்ளே அகப்பட்டால் கூடையை முட்டும். மேல்வாயால் கையை விட்டு எடுக்க வேண்டும். அந்தக் கையோடுதான் அவர்கள் கோப்பிக் காட்டுக்கு நடந்து வந்தார்கள்.

இங்கே வந்து பார்த்தால் கண்மாய் இல்லை. செங்குத்துச் சரிவும் பாறைமேல் விழும் ஓடையும்தான். கீழே மகியங்கனையில் சொரபொர வாவி போன்ற பழைய பெருங்குளங்கள் உண்டு; அவை தோட்டக்காட்டானுக்கு எட்டாத தூரம். 1869இல் இதே ஊவாவின் மடுல்சீமையில்தான் கோப்பி இலையில் அந்தத் துருநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலை வந்ததும் தொழிற்சாலை வந்தது. இயந்திரங்களை ஓட்டத் தண்ணீர்ச் சக்தி வேண்டியிருந்தது. மின்சாரக் கம்பி மலையேறுவதற்கு முன் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் ஓடையை மறித்து, சிறு குளம் கட்டி, குழாய்வழி நீரை இறக்கித்தான் சக்கரத்தைச் சுழற்றின. நாற்றுமேடைக்கென்றும் குளங்கள் வெட்டினார்கள். இவைதான் நமது ‘தோட்டத்துக் குளங்கள்’. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர், பலவேளை அதற்கும் குறைவு. தேயிலைக்காக வெட்டியவை, மீனுக்காக அல்ல.

அந்தக் குளங்களில் சொல்லும்படியான மீன் வந்தது 1952க்குப் பின்புதான். அந்த ஆண்டில் அரசாங்கம் திலாப்பியாவை இலங்கைக்குக் கொண்டுவந்தது. கிழக்கு ஆபிரிக்காவின் ஆற்று மீன். 1939இல் அது யாரும் எதிர்பாராமல் ஜாவாத் தீவில் காணப்பட்டது. யுத்த காலத்தில் தென்கிழக்காசியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் அதைப் பல இடங்களுக்கும் பரப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் அதை ‘ஜப்பான் மீன்’ என்று சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். ட்ரவுட்டுக்குக் குளிர் வேண்டும். திலாப்பியாவுக்குக் குளிர் ஆகாது. மேலே சமவெளியில் துரையின் மீன். கீழே பசறை, பதுளைப் பக்கத்து வெதுவெதுப்பான குளங்களில் லயத்து மீன். மலையே கோடு கிழித்துப் பிரித்து வைத்ததுபோல! ட்ரவுட் பற்றிய குறிப்புகள் ஏடுகளில் இருக்கின்றன. திலாப்பியா எந்தத் தோட்டத்துக் குளத்துக்கு எந்த ஆண்டு, யாருடைய வாளியில் வந்தது என்பதை எவரும் எழுதவில்லை. ஆகவே இனிச் சொல்வதற்கு என் கண்களும் என் பெரியப்பாவின் வாயுமே சாட்சி.

எங்கள் குளத்தின் சுற்றளவை ஒரு சிறுவன் ஐந்து நிமிடத்தில் ஓடி முடித்துவிடுவான். மூன்று லயங்கள். ஞாயிற்றுக்கிழமையில் கரையில் இருபது, முப்பது தூண்டில். இத்தனை சின்னக் குளத்தை இத்தனை பேர் பிடித்தால் என்ன ஆகும்? மீன் முடிந்துவிடும் என்றுதான் நினைப்பீர்கள். முடியவில்லை. அவை படித்துவிட்டன.

“மீனு பட்டணத்து ஆளு மாதிரி ஆயிருச்சுடா தம்பி” என்பார் பெரியப்பா. “மொகத்தப் பாத்தே ஆள எடபோட்டுரும்.”

அவர் ஞாயிறன்று தூண்டில் போடவே மாட்டார். ஞாயிறு முழுதும் கரை அதிர நடந்து, கல் எறிந்து, கூச்சல் போட்டபின் மீன் நடுக் குளத்துக்குப் போய் வாயை மூடிக்கொள்ளும். திங்கள், செவ்வாய் பயம். வியாழக்கிழமை ஆகும்போது குளம் அமைதியாகி, மீன் கரையோரம் வரும். பிரட்டுக்குப் போவதற்கு முன், விடிகிற வேளையில், அரைமணி நேரம். அதுதான் அவருடைய நேரம். கிழக்குக் கரையில் நிற்க மாட்டார்; சூரியன் எழுந்ததும் நிழல் தண்ணீரில் விழும். செருப்பில்லாத காலாலும் மெதுவாகத்தான் மிதிப்பார். மற்றவர்கள் தடித்த நூல் கட்டியபோது அவர் பதுளைச் சந்தையில் மெல்லிய தங்கூசி வாங்கி வைத்திருந்தார். தக்கைக்குப் பதில் காய்ந்த புல்லுத் தண்டு. அது சாய்ந்தால் மீன்; ஆடினால் காற்று.

இரைதான் பெரிய கலை. எல்லாரும் மண்புழு போட்டுப் போட்டு, மண்புழுவைக் கண்டாலே விலகும் மீன்கள் அங்கே இருந்தன. அதனால் அவர் மாற்றிக்கொண்டே இருப்பார்: ஒரு வாரம் ரொட்டி மா உருண்டை, ஒரு வாரம் கல்லில் படிந்த பச்சைப் பாசி, கலைத்த குளவிக்கூடு கிடைத்தால் அதன் வெள்ளைப் புழு. மழை பெய்து ஓடை கலங்கலாக வந்து விழும்போது மட்டும் மண்புழு. கலங்கலில் மீனுக்குச் சந்தேகம் குறைவு. வாய்க்கால் வந்து விழும் மூலைக்கு அப்போது ஓடிப்போக வேண்டும்.

பெரியப்பாவின் சொல்லை நான் வெகுகாலம் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் பாஸ் என்றொரு பெருவாய் நன்னீர் மீன் உண்டு. அங்கே தூண்டிற்காரர்களுக்கு அதுதான் இராசா. இலினோய் மாநிலத்தில் ரிஜ் என்ற சிறிய ஏரியில் 1977 தொடக்கம் நான்கு வருடம், பிடித்த ஒவ்வொரு பாஸ் மீனுக்கும் அடையாளம் இட்டு, கணக்கெழுதித் திரும்ப விட்டார்கள். பின்பு ஏரியையே வற்றவைத்து எண்ணினார்கள். 1,700க்கும் மேற்பட்ட மீன்கள். அவற்றுள் சுமார் 200 மீன் அந்த நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் தூண்டிலில் படவில்லை. வேறு சில திரும்பத் திரும்பப் பட்டிருந்தன. அடிக்கடி படுபவற்றையும் படாதவற்றையும் தனித்தனியே இனம் பெருக்கிப் பார்த்தபோது அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் போனது. 2009இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். இதைவிட ஒன்று உண்டு. பாஸ் இனத்தில் கூட்டைக் காவல் காப்பது ஆண். எளிதில் தூண்டிலைக் கடிக்கும் ஆணே குஞ்சுகளை நன்றாகக் காக்கும் தகப்பனாகவும் இருந்தது! கூட்டை நெருங்குவது எதுவானாலும் பாய்கிறது; அதனால் அகப்படுகிறது. கடுமையாகப் பிடிக்கப்படும் ஏரி நல்ல தகப்பன்களை முதலில் இழக்கிறது.

திலாப்பியாவின் குடும்பம் வேறு விதம். கரையோரத்தில் தட்டுப்போலப் பள்ளம் தோண்டிக் காவல் நிற்பது ஆண்தான். ஆனால் முட்டையை வாய்க்குள் வைத்துக் காப்பது தாய். அந்த நாட்களில் அவள் இரை எடுப்பது அபூர்வம். ஆதலால் தாய்கள் தப்பித்தன, குளமும் தப்பித்தது. ஆனால் வேறொரு வினை வந்தது. அலபாமாவில் ஸ்விங்கிள் என்ற அறிஞர் பண்ணைக் குளங்களை ஆராய்ந்து, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீன் இல்லாத குளத்தில் குஞ்சுகள் பெருகி, இரை போதாமல், எல்லாமே குள்ளமாகிவிடும் என்று காட்டினார். எங்கள் குளத்தில் பெரிய மீனைத் தேடித் தேடித் தின்றவர்கள் நாங்களே. எனக்கு நினைவு தெரிந்தபோது, உள்ளங்கை அளவு மீன் வந்தால் அதைப் பெரிதென்று லயம் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவோம்.

இனி 1974. அந்த இரண்டு வருடங்கள் தோட்டங்களில் எப்படிப் போயின என்பதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மா வெட்டப்பட்டது, அரிசிக்கு வழியில்லை, கிழங்கும் கீரையும் தேடிக் காட்டுக்குள் போனோம். பட்டினிச் சாவுகள் நடந்தன. எனக்குப் பத்து வயது. ஒருநாள் தூண்டிலுக்கென்று சுண்டைக்காய் அளவு மா கேட்டேன். அம்மா பேசவில்லை. மா டின்னைத் திறந்து, எனக்குக் காட்டிவிட்டு, மூடினார். அதன் அடியில் ஒரு ரொட்டிக்கு மட்டும் இருந்தது. மீன் அகப்பட்டால் ஐந்து பேருக்குக் கறி. அகப்படாவிட்டால் அந்த உருண்டை வீண். பெரியப்பாவின் கணக்குப்படி அது வியாழக்கிழமையும் அல்ல. நான் மண்புழுவோடு போனேன்.

குளத்துக்கு அப்போது காவல் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காவற்காரரும் எங்களைப் போல் பசியோடு இருந்தவர்தான். பிடிபட்டால் தூண்டிலை வாங்கி முறித்துவிடுவார். பிடித்த மீனை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று எனக்கு விரல் நீள மீன் நாலு கிடைத்தது. புளி கரைத்து முள்ளோடு காய்ச்சினார்கள். தட்டில் முள்ளும் மிஞ்சவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் யாரோ இரவில் குளத்தில் மருந்து கலந்து விட்டார்கள். விடிந்தபோது வெள்ளை வயிறுகள் மிதந்தன. விஷம் என்று தெரிந்தும் அள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. பெரியப்பா மட்டும் அன்று கரையில் குந்தியிருந்து ஒன்றும் பேசாமல் பீடி பிடித்தார்.

பிறகு தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. இடையில், 1990இல், உயிர்க்கொலை கூடாதென்ற சமய எண்ணத்தால் உள்நாட்டு மீன்வளத்துக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. 1994இல் மீண்டும் தொடங்கியது. பெரிய வாவிகளுக்கு அது பேரிடி. எங்கள் குளத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அரசாங்கத்துக் குஞ்சு அங்கே ஒருநாளும் வந்ததில்லை. மருந்துக்குத் தப்பி ஓடைவாயில் ஒதுங்கியிருந்த சிலவற்றிலிருந்து அது தானாகவே மீண்டது.

கடைசியாக நான் போனபோது பாதிக் குளம் மண் நிரம்பிக் கிடந்தது. பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்கு மோட்டர் வைத்து நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் மூலையில் ஒரு பையன் தங்கூசியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அவனுக்கு எட்டும் தூரத்திலேயே, கையளவைவிடப் பெரிய மீனொன்று அசையாமல் நின்றது. “அந்தா, அதுக்குப் போடு தம்பி” என்றேன்.

“அது வேணாங்க” என்றான். “ஒருதரம் முள்ளு பட்ட மீனு. போட்டா நேரந்தான் வீண்.”