வாவிக்கரையில் இரப்போரும் இடுவோரும்

ஈழத்துத் தமிழர் சமூக வரலாற்றை எழுதுவோர் நிலவுடைமை, சாதி, கோயில், குடிவழி ஆகியன பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். படலையில் வந்து நின்று இரப்பவரையும், அவரை எதிர்கொண்ட வீட்டாரின் மனப்பாங்கையும் பற்றிய ஆய்வோ அரிதாகவே காணப்படுகின்றது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் எடுத்துக்கொண்டு நோக்குமிடத்து, இம்மனப்பாங்கு இரப்பவரின் வறுமையினால் மட்டும் தீர்மானிக்கப்பட்டதன்று என்பது புலனாகும். அவர் எப்பொழுது வந்தார், எந்த உரிமையோடு வந்தார், இன்னாரென்று ஊர் அவரை அறிந்திருந்ததா என்பனவே முதன்மை பெற்றன.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை நெல்வயற் பிரதேசம். சூடு மிதித்து நெல் குவிந்த களவெட்டிக்கு ஊர்த்தொண்டு செய்தோர் தத்தம் பங்கைப் பெற வருவர். அவர்களோடு, பங்கெதுவும் இல்லாத ஏழையும் வந்து நிற்பான். பொலியிலிருந்து அவனுக்கும் ஒரு கை நெல் விழும். போடியாரின் பெருமை அவர் அளந்து கட்டிய மூடைகளால் மட்டுமன்றி, அளவாமல் கொடுத்ததாலும் பேசப்பட்டது. இதனை முற்றும் கருணை என்று கொள்ளுதல் பொருந்தாது. கொடுப்பவன் மேல் என்றும் பெறுபவன் கீழ் என்றும் ஊரார் முன்னிலையில் ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நிகழ்ச்சியாகவும் அது அமைந்தது.

எனினும் மேலோர் கீழோர் என்னும் இவ்வொழுங்கைச் சிறிது நேரமேனும் தலைகீழாக்கிய வழக்கமும் உண்டு. அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர், வசதியுள்ளவராயினும், வீடு வீடாகச் சென்று மடிப்பிச்சை எடுப்பர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று தங்கித் தங்கிச் செல்கையில் ஊரார் இடும் சோற்றையே உண்பர். காத்தான்குடி முதலிய முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்து இரவுகளில் பக்கீர் பாவாக்கள் றபான் அடித்து மக்களைச் சஹருக்கு எழுப்பினர். அவர்களுக்குக் காசும் அரிசியும் கிடைத்தன. பிற்கால மார்க்கச் சீர்திருத்தவாதிகள் பாவாக்களின் வேறு சடங்குகளைக் கண்டித்தனர் என்பது வேறு விடயம். இவர்கள் எவரும் ஊராருக்குத் தொல்லையாகத் தோன்றவில்லை. ஏனெனில், இவர்களின் இரத்தலுக்குக் காலமும் இடமும் பெயரும் இருந்தன.

வீட்டமைப்பும் இதற்கு இடமளித்தது. வழிப்போக்கன் அமரவும் படுக்கவும் பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. அதில் உறங்க அவன் அனுமதி கேட்டானா என்பதை வீட்டார் பெரிதும் பொருட்படுத்தியதில்லை.

இந்நிலையிலேதான் 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம் நோக்கற்பாலது. 1824 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் சாயலைக் கொண்ட இது, உழைக்கக்கூடியவனாயிருந்தும் உழையாது பொதுவிடத்தில் இரப்பவனைக் குற்றவாளியாக்கியது. புண்ணையும் ஊனத்தையும் காட்டி இரத்தலும் குற்றமாயிற்று. பிழைப்புக்கு வழியின்றி, உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் விறாந்தையில் தங்குவோனும் அதே வகையில் சேர்க்கப்பட்டான். திண்ணையில் உறங்கிய வழிப்போக்கன் ஒரே நாளில் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிட்டான்! அதே ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்காரருக்கும் கூலியாட்களுக்குமான ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்துவது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. அடுத்தடுத்த இலக்கங்களில் நிற்கும் இவ்விரு சட்டங்களையும் சேர்த்து வாசிப்போருக்கு, ஆட்சியாளர் கவலையுற்றது இரப்போரின் பசி பற்றியன்று என்பது விளங்கும்.

சட்டம் ஏட்டில் இருந்தது. ஊர் தன் வழக்கத்திலேயே சென்றது. ஆயினும் ஒரு வகையினரைப் பொறுத்தவரை ஊரும் அரசும் ஒரே மனத்தின எனலாம். அவர்கள் தொழுநோயாளர். வீட்டினுள் இடமின்றிக் கோயில் வாயில்களையும் சந்தைகளையும் அண்டி வாழ்ந்த அவர்களுக்குத் தூர நின்று இடுவதே வழக்கமாயிருந்தது. 1901 இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழிசெய்தது. மேற்கில் ஒல்லாந்தர் காலத்து ஹெந்தளை வைத்தியசாலை இருந்ததுபோல, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது. தோணியில் சென்றாலன்றி அடைய முடியாத தீவு அது. கரையிலிருந்து பார்த்தால் மரங்கள் மட்டுமே தெரியும். அங்கு உணவும் மருந்தும் கிடைத்தன என்பதை மறுக்கவியலாது. ஆனால், உறவினர் வருகை குன்றக் குன்ற, இரத்தல் என்னும் கடைசி உரிமையையும் இழந்தவராயினர் அங்கிருந்தோர். 1983 இல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்தபின் பிரித்து வைக்கவேண்டிய மருத்துவக் காரணம் அகன்றது. அச்சம் அவ்வளவு விரைவில் அகலவில்லை.

1924 இல் கல்லடிப் பாலமும் 1928 இல் புகையிரதமும் வந்தன. புளியந்தீவுப் பட்டினத்துக்கு அப்பால் கல்லடி போன்ற இடங்கள் புறநகர்க் குடியிருப்புகளாக வளர்ந்தன. எழுத்தர், ஆசிரியர், உத்தியோகத்தர் ஆகியோர் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தனர். அவர்களுக்குக் களவெட்டி இல்லை, பொலியும் இல்லை. அரிசியின் இடத்தைச் சில்லறைக் காசு பிடித்தது. காசு கொடுப்பவனுக்கு, பெறுபவன் அதை என் செய்வான் என்ற ஐயம் எழுகின்றது. அரிசி இட்டவளுக்கு அவ்வையம் எழுந்திருக்காது. அத்துடன் வந்து நிற்பவன் எவ்வூரான் என்பதும் தெரியாதாயிற்று. வேலி மதிலாயிற்று, திண்ணை அடைபட்டு அறையாயிற்று. புறநகர்வாசியின் கடுமையைக் குணக்கேடு என்று பழிப்பதிலும், அறிமுகமற்ற வாழ்க்கையின் விளைவாகக் காண்பதே தகும் என்பது என் கருத்து.

சுதந்திரத்தை ஒட்டி அரசின் போக்கும் மாறியது. ஐவர் ஜென்னிங்ஸ் தலைமையிலான சமூகசேவை ஆணைக்குழு 1947 இல் அறிக்கை வெளியிட்டது. 1948 இல் சமூகசேவைத் திணைக்களம் தோன்றியது. வறியவர்க்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட பொதுசன உதவிப்பணத்தைச் சிங்கள மக்கள் 'பின் படி' என்றனர்; புண்ணியச் சம்பளம் என்பது அதன் பொருள். நம்மவரோ அதனைப் 'பிச்சைச் சம்பளம்' என்றழைத்தனர். சட்டப்படி கிடைக்கும் உதவிக்கும் படலையில் நின்று பெறுவதன் பெயரையே சூட்டிய இவ்வழக்கு, பெறுபவரைப் பற்றி ஊர் கொண்டிருந்த எண்ணத்தைக் காட்டுகின்றது. இப்பெயருக்கு நாணிப் பலர் விண்ணப்பியாது விட்டிருத்தலும் கூடும்.

1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் அழித்தது. 1990 இல் போர் பல்லாயிரவரைப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம்புக வைத்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் கல்லடியையும் நாவலடியையும் வாரிச் சென்றது. மதில் கட்டி வாழ்ந்த உத்தியோகத்தரும், அம்மதிலின் வெளியே நின்றவரும், அட்டையும் பாத்திரமும் ஏந்தி ஒரே வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் பெற்றதை எவரும் பிச்சை என்று கூறவில்லை; நிவாரணம் என்றே கூறினர்.