மணலிற் பிறந்த இரு பகைவர்

திருகோணமலை நகரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து திரியாயை அடைவர். அவ்வூர்க் குன்றின்மேல் வட்டவடிவான பழைய பௌத்த வழிபாட்டிடமொன்றின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. அங்குள்ள பாறையொன்றில், பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியிற் பொறிக்கப்பட்ட சாசனம் கடல்கடந்து வணிகஞ்செய்த வணிகரைப்பற்றிப் பேசுகின்றது. தொலைநாட்டுப் பொருள்கள் இக்கரையில் வந்திறங்குவதும், இக்கரையின் பொருள்கள் தொலைநாடு செல்வதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட செய்திகள் என்பதற்கு இது சான்று.

அக்கொடுக்கல் வாங்கல் இன்னும் நின்றபாடில்லை. திரியாய்க்கு வடக்கே புல்மோட்டையிற் கடல் ஒதுக்கும் கருமணல் உலகறிந்தது. இல்மனைற்று, உரூட்டைல், சேர்க்கன் என்னும் கனிப்பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. அவற்றை எடுப்பதற்கென 1957ஆம் ஆண்டில் அரசாங்கம் கூட்டுத்தாபனமொன்றை நிறுவியது. மணல் கப்பலேறிப் போகின்றது; வர்ணப் பூச்சும் பிளாஸ்டிக்கும் மெருகு எண்ணெயும் கப்பலேறி வருகின்றன. மணலின் வழிவந்த இரு பொருள்கள், நம் ஊர் மோட்டார் சைக்கிளின் பிளாஸ்டிக் உறுப்பொன்றின்மேற் சந்திக்கும்போது ஒன்றையொன்று பொறுக்காமற் பகைக்கின்றன. அப்பகையின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலாம் பொருள் வெண்ணிற வர்ணத்தின் உயிர்நாடியாகிய தைத்தானியம் ஈரொட்சைட்டு. 1791இல் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் ஓடையோரத்துக் கருமணலை ஆராய்ந்து, அதனுட் புதிய மூலகமொன்று இருப்பதைக் கண்டார். 1795இற் செருமானிய வேதியியலறிஞர் கிளாப்புறோத்து அதற்குத் தைத்தானியம் எனப் பெயரிட்டார். எனினும் அதை வர்ணமாக்கும் தொழில், முதலாம் உலகப்போர்க் காலத்திலேதான் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் தலையெடுத்தது. அதுவரை வெண்மைக்குப் பெரிதும் பயன்பட்டது நச்சுத்தன்மை வாய்ந்த ஈய வெள்ளை. அதைப் படிப்படியாக அகற்றி, இல்மனைற்றிலிருந்து பெற்ற வெள்ளை அவ்விடத்தைப் பிடித்தது. இன்று வெளிர்நிறப் பூச்சு எதுவாயினும் அதனுள் பெரும்பாலும் இத்தகைய மணல் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் பொருள் சிலிக்கோன். சாதாரண வெண்மணலிலும் படிகக்கல்லிலும் உள்ள சிலிக்கன் என்னும் மூலகத்தை 1824இல் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசு பிரித்தெடுத்தார். பூமியின் மேலோட்டில் ஒட்சிசனுக்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பது அதுவே. அதனைக் கரிமச் சேர்வைகளுடன் இணைத்து ஆராய்வதில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலிருந்த பிரெடெரிக் கிப்பிங்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளைச் செலவிட்டார். சிலிக்கோன் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. அவர் தேடியதோ பளிங்குருவான தூய சேர்வைகள். குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்ட பசைபோன்ற பொருள் அவருக்குத் தொல்லையாகவே தோன்றியது. 1936இல் ஆற்றிய விரிவுரையொன்றில், இத்துறையில் முக்கியமான முன்னேற்றம் விரைவில் நிகழும் என்பதில் தமக்குப் பெரிய நம்பிக்கையில்லை என்னும் கருத்தையே அவர் வெளியிட்டார்.

அவர் ஒதுக்கிய பசையே பின்னர் பெருந்தொழிலாயிற்று. அமெரிக்காவிற் கோர்னிங்கு கண்ணாடித் தொழிலகத்தில் பிராங்கிளின் ஐடு அதனை ஆராய்ந்தார். 1940இல் யூசீன் உரொச்சோ, சூடாக்கிய சிலிக்கன்மீது செம்பின் துணையோடு மீதைற் குளோரைட்டு வாயுவைச் செலுத்திச் சிலிக்கோனுக்கான மூலப்பொருளை நேரடியாகப் பெறும் வழியைக் கண்டார். 1943இல் இதற்கெனத் தனி நிறுவனமும் தோன்றியது. உயரப் பறக்கும் போர்விமானங்களின் எரிபற்றுக் கருவிகளில் ஈரமும் மின்கசிவும் புகாது காப்பதே அதன் முதற் பணிகளுள் ஒன்று. போர் முடிந்தது, பொருள் சந்தைக்கு வந்தது. 1950களில் மோட்டார் வண்டிகளுக்கான மெருகுகளிற் சிலிக்கோன் எண்ணெய் இடம்பெற்றது. மெழுகைத் தேய்த்துத் தேய்த்துக் கைசலித்தவர்களுக்கு, ஒருமுறை துடைத்தாற் கண்ணாடிபோல் மின்னும் இப்புதுமை வரப்பிரசாதமாயிற்று.

அதே காலத்திற் பிளாஸ்டிக்கும் வண்டியில் ஏறியது. 1958இல் ஒண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறு வண்டியில் முன் மட்கார்ட்டும் காற்காப்பும் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கினால் ஆக்கப்பட்டன. பின்னர் ஏ.பி.எஸ்., பொலிபுறொப்பிலீன் என்னும் வகைகள் பரவின. இவை துருப்பிடியா; கனமற்றவை. ஆயினும் நம் கரையோர வெயிலிற் பொலிவிழந்து வெளிறிவிடும். அப்போது உடையவர் செய்வது யாது? கடையிற் சிலிக்கோன் மெருகை வாங்கித் தெளித்துத் துடைக்கிறார். ஒரு வாரத்துக்கு வண்டி புதிதுபோல் மின்னுகிறது. பின்னர் மீண்டும் தெளிக்கிறார். வண்டியை விற்க நேரின் சற்று மிகுதியாகவே தெளிக்கிறார். வாங்கியவர் ஓராண்டு கழித்து வர்ணம் பூசக் கொடுக்கும்போதுதான் வினை வெளிப்படுகின்றது.

பூசிய சில கணங்களிலேயே ஈர வர்ணம் ஆங்காங்கே விலகி, வட்டவட்டமான சிறு குழிகள் தோன்றும். குழியின் நடுவில் அடித்தளம் தெரியும். மீனின் கண்ணையொத்த தோற்றத்தால் தொழிலாளர் இதனை மீன்கண் என்பர். மேலும் மேலும் பூசினும் குழி நிரம்பாது. வண்டிக்காரர் தொழிலாளியின் கைத்திறனைப் பழிப்பார். தொழிலாளி வர்ணத்தைப் பழிப்பார். வர்ணக் கடைக்காரர் கடற்காற்றைப் பழிப்பார். உண்மையான குற்றவாளி எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு படலம்.

இதன் காரணத்தை விளக்கியவர்கள் சிலிக்கோனைக் கண்டறியாத பழைய அறிஞர்களே. 1774இல் வெளியான கட்டுரையொன்றிற் பெஞ்சமின் பிராங்கிளின், இலண்டனுக்கருகிலுள்ள குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது ஏறக்குறைய அரை ஏக்கர்ப் பரப்பிற் பரந்து அலையை அடக்கியதை விவரித்தார். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் இரண்டு மூன்று பங்கே. சிறு துளி எத்துணைப் பெரிய இடத்தை ஆளவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

மற்றொருவர் செருமானியப் பெண்மணி ஆக்னசு பொக்கெல்சு. பல்கலைக்கழகக் கல்வி பெண்களுக்கு மறுக்கப்பட்ட காலத்தில், வீட்டுச் சமையலறையிலேயே நீரின் மேற்பரப்பை அவர் அளந்தார். நீர்த்தொட்டியின் குறுக்கே தகரப் பட்டையொன்றை நகர்த்தி, மேற்பரப்பிலுள்ள அழுக்கை ஒருபக்கம் ஒதுக்கித் தள்ளும் முறையைக் கண்டார். 1891இல் அவர் எழுதிய கடிதத்தை இராலே பிரபு நேச்சர் இதழில் வெளியிடச் செய்தார். மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய் மிகச் சிறிதாயினும் அதன் இயல்பை மாற்றிவிடும் என்பதும், அதை அகற்ற அதனைத் திரட்டி அப்புறப்படுத்தவேண்டும் என்பதும் அவ்வாராய்ச்சி தரும் பாடங்கள். வர்ணத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை.

திரவங்களின் மேற்பரப்பில் ஒருவகை இழுவிசை உண்டு. நீருக்கு அது மீற்றருக்கு ஏறக்குறைய 73 மில்லிநியூட்டன். வர்ணங்களுக்கு அதிலும் குறைவு. சிலிக்கோன் எண்ணெய்க்கோ ஏறக்குறைய 21 மட்டுமே. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கித் திரவம் நகரும். இத்தாலிய அறிஞர் மரங்கோனி 1865இல் இதனை ஆராய்ந்தமையால் அவர் பெயராலேயே இது வழங்குகின்றது. ஈர வர்ணத்தில் ஒரு புள்ளியளவு சிலிக்கோன் இருப்பின், சுற்றியுள்ள வர்ணம் அவ்விடத்தைவிட்டு வெளிநோக்கி விலகி ஓடும். மீன்கண்ணின் பிறப்பு இதுவே.

இனி, தீர்வு யாது? மெருகு பூசிய உறுப்பை எடுத்தவுடன் உப்புத்தாளால் தேய்ப்பதே பலர் செய்யும் பிழை. தேய்க்கும்போது ஏற்படும் நுண்கீறல்களுக்குள் சிலிக்கோன் புகுந்து ஒளிந்துகொள்ளும். ஆதலின் முதலிற் சவர்க்கார நீராற் கழுவி நன்கு அலசி உலரவிடுக. அடுத்து மெழுகும் எண்ணெயும் நீக்குவதற்கென விற்கப்படும் திரவத்தைச் சுத்தமான துணியில் நனைத்துச் சிறு பகுதியொன்றைத் துடைக்குக; அது உலருமுன் வேறொரு சுத்தமான உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்குக. திரவம் தானாக உலர்ந்துவிட்டாற் கரைந்த சிலிக்கோன் அவ்விடத்திலேயே மீண்டும் படிந்துவிடும். அழுக்கான துணியையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்துவது, குளத்தில் எண்ணெய் ஊற்றிய கதையாகவே முடியும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்த பின்னரே உப்புத்தாளைத் தொடுக. தேய்த்தபின் மீண்டும் ஒருமுறை துடைக்குக.

கடுமையான தின்னர் ஏ.பி.எஸ். வகையைக் கரைத்துக் கெடுக்கும். மண்ணெண்ணெயோ தானும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். பொலிபுறொப்பிலீன் வகை, சுத்தமாக இருப்பினும் எளிதில் வர்ணத்தை ஏற்காது; அதற்கென அமைந்த பற்றூக்கிப் பூச்சு முதலில் வேண்டும். உறுப்பின் உட்புறத்திற் பொறித்துள்ள எழுத்துக்கள் பெரும்பாலும் அதன் வகையைக் காட்டும்.

மீன்கண்ணை மறைப்பதற்கென வர்ணத்திற் கலக்கும் துளிமருந்தும் சந்தையில் உண்டு. அவற்றுட் பல சிலிக்கோனே என்பது விந்தை. முழு வர்ணத்தின் இழுவிசையையும் குறைத்து, குழிக்கும் சுற்றுக்கும் வேறுபாடு இல்லாமற் செய்வது அதன் தந்திரம். ஆனால் அடுத்த பூச்சுக்கும் அதே மருந்து வேண்டியிருக்கும். தெளிகருவியும் பட்டறையும் மாசுபடும். முள்ளை முள்ளால் எடுக்கப்போய், முள் காலிலே தங்கிவிட்ட நிலை இது. குழி தோன்றினாற் பூச்சை நிறுத்தி, நன்கு காயவிட்டு, தேய்த்து, துடைத்து, மீளத் தொடங்குவதே நேர்வழி. வண்டித் தொழிற்சாலைகள் பல, சிலிக்கோன் கலந்த கைக்களிம்பையும் தலைமயிர்த் தைலத்தையும் வர்ணக்கூடத்துள் அனுமதிப்பதில்லை. அயலிலே யாரேனும் மெருகு தெளித்தாலும் காற்றில் வந்து படியும் என்பதை அவர்கள் அறிவர்.

சிலிக்கோன் தீய பொருளன்று. மின்காப்பிலும் மருத்துவத்திலும் அதன் உதவி பெரிது. நீரை விலக்கி எதனையும் ஒட்டவிடாத அதன் குணமே அங்கே நற்குணம். வர்ணம் ஒட்டவேண்டிய இடத்தில் அக்குணமே குற்றமாகின்றது.

போர்க்காலத்தில் ஊர்பெயர்ந்து மீண்டு வந்த திரியாய் போன்ற கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. மீன் சந்தைக்குச் செல்வதும், நோயாளி நகரத்து வைத்தியசாலையை அடைவதும் பெரும்பாலும் அதன்மேலேதான். அதற்கு வர்ணம் பூசக் கொடுக்கும் பணம் ஒரு குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. வீணாகும் வர்ணம் தொழிலாளியின் கூலியையும் விழுங்கும். ஆகவே வண்டியைக் கொடுப்பவர், அதன்மேல் எந்த மெருகைத் தெளித்தார் என்பதைத் தொழிலாளியிடம் ஒளியாமற் சொல்லவேண்டும். தொழிலாளியும் அதைக் கேட்காமல் வேலையைத் தொடங்குதல் கூடாது. துடைப்பதற்குச் செல்லும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை இருவரும் ஒப்புக்கொள்ளவேண்டும். இன்றைய மினுக்கத்துக்காக நாம் தெளிக்கும் ஒரு துளி, நாளை இன்னொருவரின் உழைப்பின்மேற் கடனாக நிற்கின்றது. அக்கடனை அறிந்து தீர்ப்போமாயின், மணலிற் பிறந்த அவ்விரு பொருள்களும் தத்தம் இடத்தில் நமக்குத் தொண்டு செய்யும்.