பொருள் மறந்த பாடல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைச் சாதனைகளைப் பேசுவோர் பெரும்பாலும் புளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்தே தொடங்குவர். மொழியியல் பயின்ற எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது ஐந்தே அடிகள் கொண்ட ஒரு பாடல். எந்த அரங்கிலும் அது புகழ் பெறவில்லை. பாடிய பெண்மணிக்கே அதன் பொருள் தெரியாது.

தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத்திலும் தீவுகளிலும், முன்பு நெல் வயல்களில் உழைத்த அடிமைகளின் வழிவந்தோர் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் மொழி குல்லா. (நாம் தலையில் அணியும் குல்லாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1920களில் இதனைப் பற்றி எழுதிய வெள்ளையர் பலர், இது பழைய ஆங்கில உழவர் பேச்சின் சிதைவு என்றே முடிவு கட்டினர். ஆப்பிரிக்க மொழிகளைக் கற்று ஒப்பிட்டுப் பார்க்காமலேயே அம்முடிவுக்கு வந்தனர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மொழியைத் தொலைத்தவருக்கு வரலாறும் இல்லை என்று அடுத்த அடி எடுத்துவைப்பது எவருக்கும் எளிது.

இக்கருத்தை உடைத்தவர் லொரென்சோ டவ் டர்னர். 1890இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பின அறிஞர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1929இல் தம் மாணவர் சிலரின் பேச்சில் குல்லாவைக் கேட்டார். அதன்பின் எடைமிகுந்த ஒலிப்பதிவுக் கருவியுடன் தீவுதோறும் சென்றார். இலண்டனுக்குச் சென்று மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைப் பயின்றார். அரபு மொழியையும் கற்றார். குல்லா மக்கள் பள்ளிக்கும் வெளியாருக்கும் ஒரு பெயரும், வீட்டுக்குள் வேறொரு பெயரும் வைத்திருந்தனர். முன்னையோர் குறித்துச் சென்றது முதற்பெயரை மட்டுமே. டர்னரை நம்பிய மக்கள் இரண்டாவதையும் சொன்னார்கள். 1949இல் வெளிவந்த அவரது நூலில் ஏறத்தாழ 4,000 ஆப்பிரிக்கச் சொற்கள் இடம்பெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை இத்தகைய பெயர்களே. கள ஆய்வு செய்யும் மாணவர் இதனை இருமுறை படித்தல் நலம்.

1930களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் எனும் சிற்றூரில் அமேலியா டாலி என்பவர் அவருக்கு அந்த ஐந்தடிப் பாடலைப் பாடிக் காட்டினார். அமெரிக்காவில் பயின்ற சியரா லியோன் மாணவர் ஒருவர் அதனை மெண்டே மொழி என அடையாளங் கண்டார். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் ஒன்று காத்துவைத்த ஆப்பிரிக்க மொழிப் பனுவல்களுள் அறியப்பட்டவற்றில் இதுவே நீண்டது.

பல்லாண்டுகள் கழித்து, மானிடவியலாளர் ஜோசப் ஒபாலா, இசையியலாளர் சிந்தியா ஷ்மிட், மெண்டே மொழியியலாளர் தாசியேஃப் கொரோமா மூவரும் அப்பாடலின் ஊரைத் தேடினர். அதிலிருந்த ஒரு சொல் தென்பகுதி மெண்டே வட்டார வழக்குக்கு உரியது எனக் கொரோமா உணர்ந்தார். ஒரு நாடு முழுவதும் தேட வேண்டிய வேலை அந்த ஒரு சொல்லால் ஒரு வட்டாரத்துக்குள் அடங்கியது. செனெகுன் ங்கோலா எனும் சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்பவர், முதன்மைச் சொற்கள் அப்படியே ஒத்த ஒரு பாடலைப் பாடினார். அது கல்லறையருகே பெண்கள் பாடிய இறுதிச் சடங்குப் பாடல். சடங்கு வழக்கொழிந்த பின்னும், தொலைந்துபோன உறவினரை இது காட்டித் தரும் என்று பாட்டி சொன்னதற்காகவே அவர் அதனை மறவாதிருந்தார்.

ஆய்வாளர்கள் ஜார்ஜியாவில் தேடியபோது அமேலியா மறைந்துவிட்டிருந்தார். ஹாரிஸ் நெக் நிலத்தையே 1942இல் அமெரிக்க அரசு போர் விமானத் தளத்திற்காக எடுத்துக்கொண்டு, மக்களை வெளியேற்றியிருந்தது. ஆயினும் அவருடைய மகள் மேரி மோரன் சிறுமியாகத் தாயிடம் கற்ற பாடலை மறக்கவில்லை. சியரா லியோனில் மூண்ட உள்நாட்டுப் போர் பயணத்தைப் பல ஆண்டுகள் தடுத்தது. 1997இல் மேரி தம் குடும்பத்தாருடன் செனெகுன் ங்கோலாவுக்குச் சென்று, பெண்டு ஜபாட்டியைக் கண்டார். டர்னர் அதைக் காண இருக்கவில்லை, 1972இலேயே காலமாகிவிட்டார்.