சீலா: ஒரு பெயர், இரண்டு மீன்

கீழ்பென்னாத்தூருக்குக் கடல் இல்லை. கடல்மீன் ஐஸ் பெட்டியில்தான் வரும். பெயரை நம்பித்தான் வாங்க வேண்டும். ‘சீலா’ குழப்புவது அங்கேதான். சென்னைப் பக்கம் சீலா என்றால் நீண்ட தாடையும் கூர்ப்பல்லும் கொண்ட பாரகுடா. தெற்கே அதுவே ஊளி. தூத்துக்குடிப் பக்கமோ வஞ்சிரத்தையே சீலா என்பார்கள். மலையாளத்தில் ‘சீலாவு’ பாரகுடாதான். வஞ்சிரம் அங்கே நெய்மீன். வஞ்சிரத்தின் ஆங்கிலப் பெயரான ‘சீர்’, ரம்பத்தைக் குறிக்கும் ‘செர்ரா’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லின் வழி வந்தது.

  

முழு மீன் கிடைத்தால் முதுகைப் பாருங்கள். பாரகுடாவுக்கு இரண்டு முதுகுத் துடுப்புகளும் நன்றாக விலகி நிற்கும். வஞ்சிரத்துக்கு அவை அடுத்தடுத்து இருக்கும். பின்னால் வால்வரை குட்டித் துடுப்புகள் வரிசையாக ஓடும். துண்டு போட்டுவிட்டார்களா? தோலைத் தடவுங்கள். பாரகுடாவில் செதில் சுரண்டிய தடம் தெரியும். வஞ்சிரத்தின் தோல் வழவழவென்றிருக்கும்.

வறுவலுக்கு நெய்ப்பிடிப்புள்ள வஞ்சிரமே மேல். பாரகுடாவின் சதை சற்று வறண்டது. அதைப் புளிக்குழம்பில் போடுங்கள், அல்லது உதிர்த்துப் புட்டு செய்யுங்கள். விலை கேட்கும் முன், எந்தச் சீலா என்று கேளுங்கள்.