ஏட்டுச்சுவடி முதல் வன்தட்டு வரை: காப்புப்படி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் நினைவைப் புறப்பொருளொன்றிற் பதித்து வைக்கத் தொடங்கிய காலந்தொட்டே, அப்பொருள் அழிந்தால் யாது செய்வது என்னும் வினாவும் அவனைத் தொடர்ந்து வந்துள்ளது. கல்லும் செம்பும் நெடுங்காலம் நிலைப்பன. ஆயினும் அவற்றில் நிறைய எழுதல் இயலாது. ஓலையும் தாளும் காந்தத்தட்டும் நிறைய எழுத இடந்தருவன. ஆயினும் எளிதில் அழிவன. இம்முரண்பாட்டிற்கு மனிதன் கண்ட விடையே படியெடுத்தல் ஆகும். இன்று வீட்டுக் கணினியிலுள்ள கோப்புக்களைப் புறத்தே இணைக்கப்படும் வன்தட்டொன்றிற் பிரதிசெய்து வைக்கும் வழக்கம் புதுமையானதொன்றாகத் தோன்றினும், அதன் வேர்கள் மிகப் பழையன. அவ்வேர்களை ஆராய்ந்து, அவற்றினின்று நாம் பெறத்தக்க படிப்பினைகளைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனையோலை ஏடு நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் செல்லையும் எதிர்த்து ஒருசில நூற்றாண்டுகளே நிற்கவல்லது. எனவே ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய சங்கச் செய்யுள்கள் நம் கைக்கு எட்டியமைக்கு ஓலையின் உறுதி காரணமன்று. ஒரு தலைமுறையின் ஏடு சிதையுமுன் அடுத்த தலைமுறையினர் எழுத்தாணி கொண்டு புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். இச்சங்கிலி அறாதவரை நூல் வாழ்ந்தது. ஒரு கண்ணி அற்றபோது நூலும் மறைந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இன்று கிடைத்தில. புறத்திரட்டு முதலிய தொகைநூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. மூலம் அழிந்தபின், வேறொரு நோக்கத்திற்காக வேறோரிடத்தில் எழுதப்பட்ட பகுதிப்படியே அவற்றின் நினைவைக் காத்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இச்சங்கிலி பெரிதும் தளர்ந்தது. அந்நிலையில் ஏட்டிலிருந்து அச்சிற்கு நூல்களைப் பெயர்த்த பெருமை ஈழத்தவர்க்கும் உரியது. ஆறுமுக நாவலர் வகுத்த பதிப்பு நெறியைப் பின்பற்றி, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887 இற் கலித்தொகையையும் வெளியிட்டார். கையிலெடுக்கும்போதே ஏடுகள் நொறுங்கும் அவலத்தை அவர் தம் பதிப்புரையிற் பெரிதும் வருந்தி எழுதினார். அதே 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1894 இற் புறநானூறு வெளிவந்தது. ஓர் ஏடு ஒரு படியாக மட்டுமே பெயர்ந்த நிலை மாறி, ஒரே பதிப்பில் நூற்றுக்கணக்கான படிகள் பல ஊர்களிற் பரவும் நிலை அப்போது உருவாயிற்று.

படிகள் பரவியிருத்தலின் பயனை 1981 ஆம் ஆண்டு நமக்குக் கொடுமையான முறையில் உணர்த்தியது. அவ்வாண்டு இரவொன்றில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தழிந்தது. அங்கிருந்தவற்றுள் வேறிடத்தும் படியுள்ள நூல்களைப் பின்னர் தேடிப்பெறல் இயலுவதாயிற்று. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை முன்னரே அச்சேறியும், 1879 இற் பிறிற்றோ என்பாரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டும் இருந்தமையால் அந்நூல் உலகினின்று மறைந்திலது. ஆயின் ஒற்றைப் படியாக அங்கிருந்த சுவடிகள் மீளா வண்ணம் மறைந்தன. நூலகக் கட்டடத்தை மீளக் கட்டலாம். ஒற்றைப் படியை மீள ஆக்கல் ஒருவராலும் இயலாது. 1998 இற் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கென 2005 இற் தொடங்கிய நூலகத் திட்டமும் எண்ணிம வடிவிற் படிகளைப் பெருக்கும் பணியை மேற்கொண்டமைக்கு இவ்விழப்புக்கள் பற்றிய நினைவே தக்க நியாயமாகும்.

இனி வன்தட்டின் வரலாற்றுக்கு வருவோம். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமக் என்னும் கணினித் தொகுதியிலேதான் வன்தட்டு முதன்முதல் வணிகப் பயன்பாட்டிற்கு வந்தது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்கள் அடுக்கப்பெற்ற அப்பெரும் பொறி ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே கொள்ளவல்லதாயிருந்தது. 1980 இற் சீகேற் நிறுவனம் ஏறக்குறைய அதே கொள்ளளவை ஐந்தேகால் அங்குலப் பெட்டியொன்றில் அடக்கியது. அதன்பின்னரே வன்தட்டு தனிமனிதரின் மேசையை அடைந்தது. 1990 களின் பிற்பகுதியில் யூ.எஸ்.பி. இணைப்பு வந்தமையால், பெட்டியைத் திறவாமலே வடமொன்றினால் வன்தட்டைப் பொருத்தவும் கழற்றவும் முடிந்தது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி இன்று ஒரு பெரிய நூலகத்தின் நூல்களனைத்தையும் எழுத்துவடிவிற் கொள்ளவல்லது.

கொள்ளளவு பெருகியதாயினும் நிலையாமை நீங்கிற்றில்லை. வன்தட்டினுள்ளே தட்டு நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல, அதைப் படிக்கும் தலை, மயிரிழையினும் மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கின்றது. கைதவறி விழுந்த ஓர் அதிர்ச்சியே அத்தலை தட்டில் உரசுதற்குப் போதுமானது. பொறி கெடாவிடினும் அதைப் படிக்கும் கருவி வழக்கொழியலாம். இங்கிலாந்திலே 1086 இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேடு இன்றும் கண்ணாற் படிக்கத்தக்கதாயுள்ளது. அதன் ஒன்பதாம் நூற்றாண்டு நிறைவையொட்டி 1986 இற் பி.பி.சி. நிறுவனம் லேசர்த் தட்டுக்களில் வெளியிட்ட புதிய டூம்ஸ்டே, பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே படிக்கும் பொறி அரிதாகி இடர்ப்பட்டது. எனவே வன்தட்டும் ஓலையைப் போன்றே காலந்தோறும் பெயர்த்தெழுதப்பட வேண்டியதொன்றாகும்.

மேற்கூறிய வரலாற்றினின்று மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, படி மூலத்தின் அருகிலிருத்தல் போதாது. மேசைமேற் கணினியும் அதன் பக்கத்திலே வன்தட்டும் இருப்பின், திருடனும் தீயும் வெள்ளமும் மின்னலும் இரண்டையும் ஒருங்கே கொள்ளும். மூன்று படிகள், இருவகைப் பொருள்கள், அவற்றுள் ஒன்றேனும் வேற்றிடத்தில் என இன்று கணினித்துறையினர் கூறும் விதி, பல ஊர் வீடுகளிலும் மடங்களிலும் பரவியிருந்த ஏடுகளின் வரலாற்றோடு முற்றும் ஒத்ததாகும்.

இரண்டாவது, பிழையும் பெயர்த்தெழுதப்படும். ஏடெழுதுவோன் ஒருவன் செய்த வழு அவ்வேட்டின் வழித்தோன்றிய படிகளிலெல்லாம் தொடர்ந்தது. பதிப்பாசிரியர்கள் பல ஊர் ஏடுகளை ஒப்புநோக்கியே பாடபேதங்களைக் கண்டு திருந்திய பாடத்தைத் துணிந்தனர். கணினியிலும் அஃதே நிகழ்கின்றது. அறியாது அழித்த கோப்பும் நச்சுநிரலாற் சிதைந்த கோப்பும், கணினியை அவ்வப்போதே பின்பற்றி மாறும் படியிலும் அவ்வாறே அழியும், சிதையும். ஆகவே பழைய படியின்மேற் புதியதை எழுதுவதோடு அமையாது, திகதியிட்ட முந்தைய படிகள் சிலவற்றையும் பேணுதலும், படியெடுத்து முடிந்ததும் வன்தட்டைக் கழற்றி வைத்தலும் வேண்டும்.

மூன்றாவது, பார்க்கப்படாத படி படியன்று. ஆண்டுதோறும் சரசுவதி பூசைக் காலத்தில் ஏடுகளை வெளியிலெடுத்துத் தூசு துடைத்துப் பூசையில் வைக்கும் வழக்கம் பக்தியின்பாற்பட்டதாயினும், ஏட்டின் நிலையைக் கண்டறியும் வாய்ப்பாகவும் அமைந்தது. வன்தட்டையும் குறித்த காலத்திற் பொருத்தி, கோப்புக்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தாலன்றி அதன் நலம் அறியவொண்ணாது.

முற்காலத்தே மடங்களும் புலவர் குடும்பங்களும், பின்னர் நூலகங்களும் தாங்கிய பொறுப்பு இன்று ஒவ்வொரு வீட்டின்மீதும் விழுந்துள்ளது. போராலும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளாலும் நிழற்படங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் இழந்த மக்கள் வாழும் நாட்டில் இப்பொறுப்பின் கனத்தை விளக்கிக் கூறவேண்டுவதில்லை. இறந்துபோன பாட்டியின் குரலும், மாணவனொருவன் ஈராண்டு உழைத்தெழுதிய ஆய்வேடும், ஓர் ஊரின் கோயில் திருவிழா நிழற்படங்களும் இன்று ஒற்றைக் கணினியிலேயே தங்கியிருக்கின்றன. அவை எவருக்கும் அரிய சுவடிகளாகத் தோன்றா. தாமோதரம்பிள்ளைக்கு முன்னர் பரண்மேற் கிடந்த ஏடுகளும் தம்மை வைத்திருந்தோர்க்கு அவ்வாறே தோன்றின. எது வரலாறாகும் என்பதை இன்றே அறிதல் எவர்க்கும் இயலாது. இயல்வது, அதற்கு இரண்டாவது படியொன்றை எடுத்து, வேற்றூரிலுள்ள உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்து வைத்தலேயாகும்.