திரையிற் பொலிஸ்காரி

அமெரிக்கத் தொலைக்காட்சியின் துப்பறியும் நாடகங்களிலே பெண்ணானவள் நெடுங்காலம் பெரும்பாலும் கொலையுண்டு கிடந்தாள். அல்லது கொலைஞனைக் காதலித்தாள். குற்றத்தை ஆராயும் அறிவு ஆணின் தனியுடைமையாகவே கொள்ளப்பட்டது. வேலைவாய்ப்பிற் பால்வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1972இல் மாநில, நகர நிருவாகங்களுக்கும் விரிக்கப்பட்டது. அதன் பின்னரே பெண்கள் கணிசமாக ரோந்துப் பணியில் இறங்கலாயினர்.

நாடகம் இம்மாற்றத்தை எவ்வாறு கண்டது? 1976இல் தொடங்கிய ‘சார்ளியின் தேவதைகள்’ தக்க சான்று. பொலிஸ் பயிற்சி பெற்ற மூன்று பெண்களுக்கு எழுதுவினைஞர் வேலையும் வீதிக் கடவைக் காவலுமே கிடைக்கின்றன. அவர்களை அச்சிறுமையிலிருந்து ‘மீட்பவன்’ துப்பறியும் நிறுவனமொன்றின் முதலாளி. அவன் முகத்தை நாம் காண்பதில்லை. ஒலிபெருக்கியூடாக அவன் குரல் மாத்திரமே கட்டளையிடும். முதலாளித்துவத்துக்கு இதனினும் பொருத்தமான உருவகம் கிடைப்பது அரிது!

இதற்கு முன்னரே, 1974இல், பார்பரா அவெடன், பார்பரா கோர்டே என்னும் இரு பெண் எழுத்தாளர்கள் வேறொரு கதையை எழுதியிருந்தனர். ஆண்களின் நட்பைப் பாடும் படங்கள் மலிந்திருக்கப் பெண்களின் நட்பைக் கூறும் படம் இல்லையே என்ற குறையே அவர்களைத் தூண்டியது. படநிறுவனங்கள் அதனை ஏற்கவில்லை. 1981இல் அது சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தனிப்படமாகவும், 1982 மார்ச்சில் ‘கக்னியும் லேசியும்’ என்ற தொடராகவும் வெளிவந்தது. தொடரில் லேசியாக ரைன் டேலியும் கக்னியாக மெக் பொஸ்ரரும் நடித்தனர். லேசியின் கணவன் கட்டடத் தொழிலாளி. வேலையற்ற நாட்களில் வீட்டிற் சமைப்பவன்.

ஆறு அங்கங்களே ஒளிபரப்பாயின. அப்பெண்கள் மிகக் கடுமையானவர்கள், பெண்மையற்றவர்கள் என்று சி.பி.எஸ். அதிகாரியொருவர் பெயர் வெளியிடாது குறைகூறினார். மெக் பொஸ்ரர் நீக்கப்பட்டு ஷரன் கிளெஸ் அமர்த்தப்பட்டார்.

இங்கே ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. மாறியது நடிகை மட்டுமல்லள். கக்னியின் வர்க்கமும் மாறிற்று. தொழிலாளர் சூழலிலிருந்து வந்த அவளுக்குச் செல்வந்தத் தாயொருத்தி படைக்கப்பட்டாள், உடைகளும் விலையுயர்ந்தனவாயின. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நம் முன்னோர் பெண்மைக்கு இலக்கணம் வகுத்தனர். விளம்பரதாரரின் பணத்தில் வாழும் தொலைக்காட்சி நிலையமோ அதனைத் துணிக்கடையிற் கண்டது. வேலைக்குச் சென்று ஊதியம் பெறும் பெண் அக்காலத்தில் அவர்களுக்குப் புதியதொரு வாடிக்கையாளர். பண்டத்தை வாங்குபவள் பண்டத்தைப் போலவே மினுங்க வேண்டுமல்லவா?

1983இல் தொடர் நிறுத்தப்பட்டது. பார்வையாளர், குறிப்பாகப் பெண்கள், கடிதங்களைக் குவித்தனர். ரைன் டேலிக்கு எமி விருதும் கிடைத்தது. நிலையம் பணிந்தது. 1984இல் மீண்டும் தொடங்கிய நாடகம் 1988 வரை நடைபெற்றது. மார்பகப் புற்றுநோய், மதுவுக்கு அடிமையாதல் முதலிய பொருள்களை அது துணிந்து பேசிற்று. நாடகத் தொடரின் தலைமை நடிகைக்குரிய எமி விருதை 1983 முதல் 1988 வரை ஆறாண்டுகளும் இவ்விருவருள் ஒருவரே பெற்றனர்.

ஆயினும் கடிதங்கள் மீட்டது செல்வ வீட்டுக் கக்னியையே. தொழிலாளர் வீட்டுக் கக்னி அந்த ஆறு அங்கங்களோடு நின்றுபோனாள்.