தீயணைப்பு: வீரச் செயலிலிருந்து வாண்மைத் தொழிலுக்கு

மருத்துவம், சட்டம், பொறியியல் ஆகிய துறைகள் வாண்மைத் தொழில்களாக உருப்பெற்ற வரலாறு பலராலும் ஆராயப்பட்டுள்ளது. அத்தொழில்களுக்குரிய தகைமைகள் யாவை, அவற்றை வழங்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பன சமூக வரலாற்று மாணவர் நன்கறிந்த வினாக்கள். ஆயின் உடலுழைப்பையே அடிப்படையாகக் கொண்டவை எனக் கருதப்படும் தொழில்கள் குறித்து இவ்வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. தீயணைப்புத் தொழில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தமிழில் நாம் வழங்கும் 'தீயணைப்பு வீரர்' என்னும் தொடரே வீரத்தை முதன்மைப்படுத்துகின்றது. அவ்வீரர் கற்றவை யாவை என நாம் கேட்பதில்லை. அவ்வினாவை முன்வைத்து, நவீன தீயணைப்புப் பயிற்சியின் தொடக்கங்களுள் முதன்மையானவற்றைக் கண்ட எடின்பரோ, இலண்டன் ஆகிய நகரங்களின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

தீயை அணைப்பதற்கெனத் தனியாட்களை நியமிக்கும் வழக்கம் பழமையானது. கி.பி. 6ஆம் ஆண்டில் ஒகஸ்டஸ் பேரரசர் உரோமாபுரியில் ஏழு படைப்பிரிவுகளைக் கொண்ட காவற்படையொன்றை நிறுவினார். விடுதலை பெற்ற அடிமைகளே பெரும்பாலும் அதில் இடம்பெற்றனர். இரவுக் காவலும் தீயணைப்பும் அவர்தம் கடமைகளாயின. உரோமப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின்னர் ஐரோப்பிய நகரங்களில் இத்தகைய அமைப்பு நெடுங்காலம் நிலைபெறவில்லை. 1666ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் மாநகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தபோது, தோல் வாளிகளையும் கொக்கிகளையும் கொண்டே மக்கள் தீயை எதிர்கொண்டனர். இவ்வழிவின் விளைவாகத் தோன்றிய காப்புறுதிக் கம்பனிகள், தாம் காப்புறுதி செய்த கட்டடங்களின் பொருட்டுத் தத்தமக்கெனச் சிறு படைகளை வைத்திருந்தன. தேம்ஸ் ஆற்றின் படகோட்டிகளுக்குச் சீருடை வழங்கி, அழைத்தபோது வருமாறு பணித்தன. இவர்களுக்குக் கூலி இருந்தது, சீருடை இருந்தது. முறையான பயிற்சி என ஒன்று இருக்கவில்லை. வலிய உடலும் அஞ்சாமையும் போதுமானவை எனக் கருதப்பட்ட காலம் அது.

இக்கருத்தை முதன்முதலில் தெளிவாக மறுத்தவருள் ஒருவர் ஜேம்ஸ் பிறெய்ட்வுட் என்பார். 1800ஆம் ஆண்டில் எடின்பரோவில் பிறந்த இவர், கட்டட அளவையாளராகப் பயிற்சி பெற்றவர். 1824ஆம் ஆண்டு அந்நகரில் புதிதாக அமைக்கப்பட்ட தீயணைப்புப் படையின் தலைமை இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. படை அமைக்கப்பட்டுச் சில வாரங்களே கழிந்த நிலையில், அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி இரவு பழைய நகரில் பெருந்தீ மூண்டது. அது பல நாட்கள் நீடித்தது; பதின்மூவர் உயிரிழந்தனர்; நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. நீதவான்களும் பிரபுக்களும் நகரப் பிரமுகர்களும் தீ மூண்ட இடத்தில் நின்று ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளைப் பிறப்பித்தனர். எவர் சொல்லைக் கேட்பது என்றறியாது படையினர் தடுமாறினர். அன்று அவர்களிடம் துணிவுக்குக் குறைவிருக்கவில்லை. குறைவாயிருந்தவை பயிற்சியும் ஒருமுகப்பட்ட கட்டளையுமே. தீ நிகழ்ந்த களத்தில் கட்டளையிடும் உரிமை அத்தொழிலை அறிந்த ஒருவருக்கே உரியது என்னும் கொள்கை இவ்வனுபவத்தின் பயனாகவே வலுப்பெற்றது. ஒரு தொழில் வாண்மைநிலை எய்துவதற்கு, அத்தொழில் சார்ந்த முடிவுகளை அத்தொழிலாளரே எடுக்கும் உரிமை இன்றியமையாதது. மருத்துவருக்கு நோயாளியின் படுக்கையருகே உள்ள உரிமையைத் தீயணைப்போர் எடின்பரோவின் சாம்பல் மேட்டிலிருந்து பெற்றனர் எனலாம்.

பிறெய்ட்வுட் தம் படைக்கு ஆட்களைத் தெரிந்த முறை தனிக்கவனத்துக்குரியது. பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரை அவர் விரும்பினார். அவர்களையும் கட்டடத் தொழில்களிலிருந்தே தேர்ந்தார். கூரை வேய்வோர் உயரத்தில் நடமாடிப் பழகியவர்கள். தச்சரும் கொத்தரும் வீட்டின் அமைப்பை அறிந்தவர்கள். எந்தச் சுவர் தாங்கும், எந்த உத்தரம் முறியும் என ஊகிக்கவல்லவர்கள். குழாய் வேலை செய்வோர் ஏணியிலும் கூரையிலும் பழகியதோடு, நீரை வேண்டியவிடத்துக்குச் செலுத்தும் நுட்பமும் தெரிந்தவர்கள். கொல்லரோ இயந்திரங்களைப் பேணவல்லவர்கள். எரியும் கட்டடத்தை அறிந்தவனே எரியும் கட்டடத்துள் புகத் தகுந்தவன் என்பதே இத்தேர்வின் உட்பொருள். அவர்களுக்கு உடற்பயிற்சியோடு, வாரந்தோறும் விடியற்காலை இருளில் இயந்திரப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பெரும்பாலான தீ விபத்துகள் இரவிலேயே நிகழ்வதால் இருளில் வேலை செய்யும் பழக்கம் அவசியமாயிற்று.

தெருவில் நின்று சாளரத்தினூடே நீரைப் பாய்ச்சுவது அக்காலத்துப் பொதுவழக்கம். அந்நீரிற் பெரும்பகுதி தீயின் மூலத்தைச் சென்றடையாது வீணாயிற்று. கட்டடத்தின் உள்ளே சென்று, தீயின் மூலத்தைக் கண்டு, அதன்மீதே நீரைச் செலுத்துதல் வேண்டும் என்பது பிறெய்ட்வுட்டின் முறை. இம்முறைக்குப் புதிய அறிவு தேவைப்பட்டது. புகை நிறைந்த அறையில் வெப்பமான வாயு மேலெழ, தரையையொட்டிச் சில அங்குல உயரத்துக்குச் சுவாசிக்கத்தக்க காற்று எஞ்சியிருக்கும். ஆதலால் முழந்தாளிட்டும் தவழ்ந்தும் முன்னேறுதல் வேண்டும். கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். ஆதலால் நீர் ஆயத்தமாகும்வரை கதவுகள் மூடியே இருத்தல் வேண்டும். ஒருவர் தனியே உட்செல்லலாகாது. ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் இழுத்துவர வேண்டும். இவை இன்றைய பயிற்சிப் பள்ளிகளிலும் முதற் பாடங்களாகவே உள்ளன. தீயணைப்பு இயந்திரங்களின் அமைப்பு, தீயணைப்போரைப் பயிற்றும் முறை, தீ நிகழ்ந்தவிடத்துச் செயற்படும் முறை ஆகியன பற்றி 1830ஆம் ஆண்டில் அவர் நூலொன்றை வெளியிட்டார். செவிவழியாகவும் பழக்கத்தாலும் கைமாறிவந்த ஒரு கைத்திறன், கற்பிக்கத்தக்க கல்வியாக எழுத்துருப் பெற்றமை இத்தொழிலின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும்.

1833ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் காப்புறுதிக் கம்பனிகள் பத்து ஒன்றிணைந்து, எண்பது பேரையும் பதின்மூன்று நிலையங்களையும் கொண்ட பொதுப்படையொன்றை அமைத்தபோது, அதன் தலைமைக்குப் பிறெய்ட்வுட்டையே அழைத்தன. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி வெஸ்ட்மின்ஸ்ரர் அரண்மனை தீப்பற்றியது. அது காப்புறுதி செய்யப்படாத அரசாங்கச் சொத்தாயினும் அவர் தம் படையுடன் சென்றார். பாராளுமன்ற மண்டபங்களைக் காப்பாற்ற முடியாது என்பது தெளிவானதும், மத்திய காலத்தைச் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்ரர் மண்டபத்தைக் காப்பதில் முயற்சி குவிக்கப்பட்டது. அம்மண்டபம் இன்றும் நிலைத்துள்ளது. எதைக் கைவிடுவது, எதைக் காப்பது என உரிய வேளையில் முடிவெடுக்கும் ஆற்றல் தீயணைப்போரின் தகைமைகளுள் தலையாயது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

கட்டடப் பொருட்களின் இயல்பையும் பிறெய்ட்வுட் ஆராய்ந்தார். தொழிற்புரட்சிக் காலத்தில் எழுந்த பண்டகசாலைகளில் மரத்தூண்களுக்குப் பதிலாக வார்ப்பிரும்புத் தூண்கள் இடம்பெற்றன. அவை எரியாதவை, ஆதலால் அக்கட்டடங்கள் தீப்பாதுகாப்புடையன எனப் பொதுமக்கள் நம்பினர். கடும் வெப்பமடைந்த வார்ப்பிரும்பு, சுமை தாங்காது முறியும் என்பதையும், குளிர்நீர் பட்டவிடத்து வெடித்துச் சிதறக்கூடும் என்பதையும் பிறெய்ட்வுட் எடுத்துக்காட்டினார். 1849ஆம் ஆண்டில் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தில் இப்பொருள் பற்றிக் கட்டுரை சமர்ப்பித்தார். தீயணைப்போன் ஒருவன் பொறியியலாளர் சபையில் அறிவுரை கூறும் நிலை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உருவாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

1861ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி இலண்டன் தூலி வீதிப் பண்டகசாலைகளில் மூண்ட தீ அவரது உயிரைப் பறித்தது. சணல், பருத்தி, கொழுப்பு, சீனி, வாசனைத் திரவியங்கள் முதலியன அங்கு குவிந்திருந்தன. பண்டகசாலைகளைப் பிரிக்கும் இரும்புக் கதவுகள் திறந்தே கிடந்தமையால் தீ தடையின்றிப் பரவியது. களைத்திருந்த தம் படையினரைத் தேற்றிக்கொண்டிருந்த வேளையில் சுவரொன்று சரிந்து பிறெய்ட்வுட் மீது வீழ்ந்தது. தீ முற்றாக அணைய இரு வாரங்கள் சென்றன. பெருநட்டமுற்ற காப்புறுதிக் கம்பனிகள் இப்பொறுப்பை இனித் தனித்துச் சுமக்க இயலாதென அரசுக்கு அறிவித்தன. அதன் விளைவே 1865ஆம் ஆண்டின் மாநகரத் தீயணைப்புப் படைச் சட்டம். தனியார் சொத்தைக் காக்கும் கூலிப்பணியாயிருந்த தீயணைப்பு, 1866ஆம் ஆண்டு சனவரி முதல் இலண்டனில் பொதுச்சேவையாயிற்று.

புதிய படையின் தலைவர் கப்டன் மாசி ஷோ ஆட்சேர்ப்பில் வேறொரு கொள்கையைக் கடைப்பிடித்தார். கட்டடத் தொழிலாளரைவிட மாலுமிகளையே அவர் விரும்பினார். இரவு பகல் பாராது வேலை செய்யவும், கயிற்றிலும் ஏணியிலும் ஏறவும், கட்டளைக்குப் பணியவும் பழகியவர்கள் அவர்கள் என்பது அவர் கூறிய காரணம். 1870களின் இறுதியில் விண்ணப்பதாரர் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவராகவும், 37 அங்குல மார்புச் சுற்றளவு உடையவராகவும் இருத்தல் வேண்டும். 5 அடி 5 அங்குல உயரமேனும் இருத்தல் விரும்பப்பட்டது. மீட்பு ஏணியைத் தனியொருவராய் உயர்த்திக்காட்டி உடல்வலியை நிறுவுதலும் வேண்டும். இவற்றோடு எழுத வாசிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதும் ஒரு விதி. பிறெய்ட்வுட் அறிவை முதன்மைப்படுத்தினார். ஷோ ஒழுங்கை முதன்மைப்படுத்தினார். இவ்விரண்டும் இணைந்தே இருபதாம் நூற்றாண்டின் தீயணைப்போரை உருவாக்கின. எனினும் உடலளவுகளைத் தகைமையாகக் கொண்ட மரபு நெடுங்காலம் நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் வாகனம் செலுத்தியும் செய்தித் தொடர்பை நடத்தியும் பல்லாயிரம் பெண்கள் இச்சேவையில் பணியாற்றியிருந்தும், பிரித்தானியாவில் பெண்ணொருவர் களப்பணிக்கு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1976ஆம் ஆண்டிலேயே.

1918ஆம் ஆண்டில் தீயணைப்புப் பொறியியலாளர் நிறுவனம் தோன்றியதும், தேர்வுகளும் சான்றிதழ்களும் இத்தொழிலுக்கு அறிமுகமாயின. நீரியல், கட்டட அமைப்பு, எரிதலின் இரசாயனம் ஆகியன பாடங்களாயின. போர்க்காலத்தில் மற்றொரு குறை வெளிப்பட்டது. உள்ளூராட்சிச் சபைகளின் படைகள் ஒவ்வொன்றும் தனக்கென வேறுபட்ட பதவிப் பெயர்களையும் பயிற்சி முறைகளையும் கொண்டிருந்தன. ஓரூர்க் குழாய் மற்றோரூர்க் குழாயுடன் பொருந்தாத நிலையும் இருந்தது. 1940ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கிய குண்டுவீச்சின்போது உதவிக்கு விரைந்த படைகள் இதனாற் பயன்குன்றின. 1941ஆம் ஆண்டு ஓகஸ்டில் அவை யாவும் ஒரே தேசிய சேவையாக இணைக்கப்பட்டு, பொதுவான பயிற்சிக் கல்லூரியும் நிறுவப்பட்டது. போருக்குப் பின் 1948ஆம் ஆண்டில் சேவை மீண்டும் உள்ளூராட்சியிடம் சென்றபோதிலும், பொதுத்தரம் என்னும் கருத்து மறையவில்லை.

ஒவ்வொரு புதிய பயிற்சி விதியின் பின்னும் ஓர் உயிரிழப்பு உண்டு என்பது இவ்வரலாற்றின் துயரமான உண்மை. 1958ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் சிமித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறையில் தீ மூண்டது. ஒட்சிசன் சாதனங்களுடன் உட்சென்ற இருவர், சிக்கலான வழிகளினிடையே திசைதவறி, ஒட்சிசன் தீர்ந்து இறந்தனர். எவர் எப்போது உட்சென்றார், அவருக்கு எஞ்சிய நேரம் எவ்வளவு என்பதை வெளியிலிருந்து உறுதியாகக் கணிக்கும் ஒழுங்கு அன்று இருக்கவில்லை. இதன்பின், உட்செல்பவர் தம் பெயர்த்தகட்டை வாயிலில் ஒப்படைத்தல், பொறுப்பாளர் ஒருவர் பலகையில் நேரத்தைக் குறித்துக் கணித்தல், ஒட்சிசன் குறையும்போது சாதனமே ஒலியெழுப்பி எச்சரித்தல் முதலியன நடைமுறைக்கு வந்தன. உள்ளே செல்பவரின் துணிவைப்போலவே வாயிலில் நிற்பவரின் கணக்கும் உயிர் காக்கும் திறனாயிற்று. 1970களில் இரசாயனங்களை ஏற்றிச்செல்லும் வாகனங்களுக்கு எண்ணும் எழுத்தும் கொண்ட குறியீட்டு முறை புகுத்தப்பட்டது. நீர்த்தாரை பயன்படுத்தலாமா, நுரை வேண்டுமா, நீரே படலாகாதா, அயலவரை அப்புறப்படுத்த வேண்டுமா என்பவற்றைத் தீயணைப்போர் அக்குறியைக் கண்ட மாத்திரத்தே அறிதல் வேண்டும்.

இவ்வாறு வளர்ந்த அறிவு எக்காலத்துக்கும் போதுமானதன்று என்பதை 2017ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி மேற்கு இலண்டனின் கிறென்ஃபெல் மாடத்தில் நிகழ்ந்த பேரழிவு காட்டிற்று. இருபத்துநான்கு மாடிகளைக் கொண்ட அக்குடியிருப்பின் நான்காம் மாடியிற் பற்றிய தீ, புறச்சுவர்களிற் பொருத்தப்பட்டிருந்த எரியக்கூடிய மேலுறையினூடே மேலேறிப் பரவியது. எழுபத்திரண்டு பேர் மாண்டனர். அடுக்குமாடியில் தீ ஒரு வீட்டினுள்ளேயே அடங்கும், ஆதலால் ஏனையோர் தத்தம் வீடுகளிலேயே இருத்தல் வேண்டும் என்பது தீயணைப்போர் பயின்ற விதி. கட்டடம் அவ்விதிக்கு அடிப்படையான தன்மையை இழந்த பின்னரும் அவ்வறிவுரை அதிகாலை 2.35 மணி வரை கைவிடப்படவில்லை. முற்கூட்டியே அது கைவிடப்பட்டிருப்பின் மேலும் பலர் உயிர்தப்பியிருப்பர் என 2019ஆம் ஆண்டில் வெளிவந்த விசாரணை அறிக்கை கண்டது. தீயணைப்போரின் துணிவை அவ்வறிக்கை போற்றியது; முழுக் கட்டடத்தையும் வெளியேற்றவேண்டிய நிலையை இனங்காணும் பயிற்சி களத்தலைவர்களுக்கு அளிக்கப்படாமையை அது கண்டித்தது. அத்தகைய மேலுறையை உற்பத்தி செய்தோர், விற்றோர், பொருத்தியோர், அனுமதித்த அரசாங்கம் ஆகியோரின் பொறுப்பை 2024ஆம் ஆண்டு இறுதி அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது.

எடின்பரோவில் 1824இல் எழுந்த பிரச்சினையும் கிறென்ஃபெல்லில் 2017இல் எழுந்த பிரச்சினையும் அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் துணிந்தோர் இருந்தனர். அவர்களுக்குத் தேவையான அறிவை முற்கூட்டி அளிக்கும் பொறுப்பில் நகரமும் அரசும் தவறின. கொத்தனையும் தச்சனையும் தேடிப் படையிற் சேர்த்த பிறெய்ட்வுட், கட்டடம் மாறுந்தோறும் தீயணைப்போரின் கல்வியும் மாறவேண்டும் என்பதைச் செயலாற் காட்டினார். வார்ப்பிரும்பின் இடத்தை இன்று பொலித்தீன் உட்பொதிந்த அலுமினியத் தகடு பெற்றுள்ளது. அவர் விடுத்த எச்சரிக்கையின் தேவை குறையவில்லை. தீயணைப்போரை வீரர் எனப் போற்றும் சமூகம், அப்போற்றுதலையே அவர்க்குரிய பயிற்சிக்கும் கருவிக்கும் ஈடாகக் கருதிவிடலாகாது. பயிற்சியளிக்காது ஒருவரைத் தீயினுள் அனுப்பிவிட்டு, அவர் மீளாதபோது வீரர் எனச் சிலை எடுப்பது எளிது. அவர் மீண்டு வருவதற்குரிய அறிவை முன்னரே வழங்குவதே கடினமானது. வாண்மையின் பொருளும் அதுவேயாகும்.